புதிய ஏற்பாட்டைக் கையால் எழுதுகிறேன்: 200 அதிகாரம் வரை

நேற்று இரவு இரண்டாம் தீமோத்தேயு முடிந்தது. மத்தேயுவிலிருந்து எண்ணினால் சரியாக 200 அதிகாரம். மொத்தம் 260, ஆக இன்னும் 60. 2023ல் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று ஆரம்பித்தபோது அந்தக் கிறிஸ்துமசுக்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். முடியவில்லை. நடுவில் மணிக்கட்டு வலி வந்து நான்கு மாதம் பேனாவையே தொடவில்லை.

எழுதிப் பார்க்க நினைப்பவர்களுக்கு முதலில் கைவேலை பற்றி. ஜெல் பேனா வேண்டாம், உள்ளங்கை வியர்வையில் மை இழுகிவிடுகிறது. சாதாரண நீலப் பந்துமுனைப் பேனா போதும். நோட்டு தைத்ததாக இருக்கட்டும், ஆனால் அதில் ஒரு பக்கத்தைக்கூடக் கிழிக்காதீர்கள். நான் கிழித்தேன். மத்தேயுவில் மலைப்பிரசங்கம் எழுதும்போது எல்லா வரியும் "பாக்கியவான்கள்" என்றே வருவதால் கண் தாவி, "இரக்கமுள்ளவர்கள்" வசனத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் அந்தத் தாளைக் கிழித்து மறுபடி எழுதினேன். இப்படி ஐந்தாறு தாள் கிழித்தபின், தையலின் மறுபுறம் இருந்த இணைத்தாள்கள், சுத்தமாக எழுதி முடித்த பக்கங்கள், கழன்று கையோடு வந்தன. அதோடு கிழிப்பதை விட்டேன். இப்போது தவறு வந்தால் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான சொல், அப்புறம் அடுத்த வரி.

லூக்கா முதல் அதிகாரம் 80 வசனம், எனக்கு மூன்று நாள் ஆனது. மற்றபடி ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம், விடியற்காலையில், அடுக்களையில் வேலை தொடங்கும் முன்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. எழுத எழுத நான் மாறிவிடுவேன் என்று நம்பித்தான் உட்கார்ந்தேன். முப்பது வருடம் தமிழ் வாத்தியார் வேலை பார்த்த நாக்கு என்னுடையது, வீட்டிலும் அது ஓய்வதில்லை. மூன்றாவது நோட்டு முடிந்த அன்று, யோவான் 13ல் ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவியதை எழுதிவிட்டு எழுந்து வந்து, பால் பொங்கி வழிந்ததற்காக மருமகளைக் கத்தினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. "நான் துடைச்சிடுறேன் அத்தை" என்றாள். அன்று முழுக்க நோட்டைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. இத்தனை அதிகாரம் எழுதி என்ன பயன் என்று நினைத்து இரண்டு வாரம் நிறுத்தினேன்.

திரும்ப உட்கார்ந்ததற்குக் காரணம் மாற்கு என்ற யோவான். அப்போஸ்தலர் நடபடிகள் 13ல், பவுலோடும் பர்னபாவோடும் சுவிசேஷம் சொல்லப் போன அவன் பாதி வழியில் ஊழியத்தை விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிவிடுகிறான். 15ல் அவனைக் கூட்டிப்போகலாமா வேண்டாமா என்று பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடுங்கோபம் மூண்டு இருவரும் பிரிகிறார்கள். படிக்கும்போது இதெல்லாம் ஒரு நிமிடத்தில் கடந்துபோகும். கையால் எழுதும்போது அந்தச் சண்டையிலிருந்து அவன் மறுபடி கொலோசெயர் கடைசி அதிகாரத்தில் தலைகாட்டும் வரைக்கும் எனக்குப் பல மாதங்கள் ஆயின. அந்த மாதங்கள் எல்லாம் அவனைப் பற்றி ஒரு வரி இல்லை. நேற்று எழுதிய இரண்டாம் தீமோத்தேயு 4ல், மரணம் நெருங்கிவிட்டதென்று தெரிந்த பவுல், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். வேண்டாம் என்று தள்ளிய அதே பவுல். இடையில் மாற்குவுக்குள் என்ன நடந்தது என்று வேதம் சொல்லவில்லை. பவுலுக்குள்ளும் ஏதோ நடந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

பிலிப்பியர் எழுதிய வாரம்தான் இந்த முயற்சியிலேயே எனக்குப் பெரியது. 1:6, நம் சபைகளில் எல்லாருக்கும் மனப்பாடம். நற்கிரியையைத் தொடங்கினவர் அதை "முடிய நடத்திவருவார்". வகுப்பில் துணைவினை நடத்திய பழக்கத்தில் பேனா அந்தச் சொல்லில் நின்றது. நடத்துவார் என்றோ முடிப்பார் என்றோ போட்டிருக்கலாம். "நடத்தி" என்பதோடு "வருவார்" சேர்ந்ததால் அது விடாமல் தொடர்ந்து நடக்கிற வேலையாகிறது. எழுவாய் யார் என்றும் பார்த்தேன். நான் இல்லை, தொடங்கினவர். அதுவரை என் நோட்டின் பின்னட்டையில் கோபப்பட்ட நாட்களுக்குப் புள்ளி வைத்துக் கணக்கெழுதி வந்தேன், முழு வேலையும் என்னுடையது போல. அந்தக் கணக்கை நிறுத்தினேன். அதற்காகச் சும்மா இருந்துவிடவும் முடியாது, இரண்டாம் அதிகாரத்தில் "பிரயாசப்படுங்கள்" என்றும் இருக்கிறது, அடுத்த வசனமே விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறது. இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் என் கையெழுத்தில் பார்த்தபோது, இதுநாள்வரை முதல் வரியை மட்டும் பிடித்துக்கொண்டு தவித்திருக்கிறேன் என்று தெரிந்தது.

பிறகு 4:2 வந்தது. எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள், சுவிசேஷத்திற்காகப் பவுலோடு பாடுபட்டவர்கள், ஒரே சிந்தையாய் இருங்கள் என்று பெயர் சொல்லிப் புத்தி சொல்லும் அளவுக்கு அவர்களுக்குள் ஏதோ. நானும் என் அக்காவும் அம்மாவின் இரண்டு வளையலுக்காக ஆறு வருடமாகப் பேசவில்லை. ஒரே கோவிலில், ஒரே அசன விருந்துப் பந்தியில், வேறு வேறு வரிசையில். அந்த வசனத்தை எழுதியபின் அடுத்த வசனத்துக்கு என்னால் போக முடியவில்லை. மூன்றாம் நாள் அக்காவுக்குப் போன் போட்டேன். என் குரல் கேட்டதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "ஏட்டி, சாப்பிட்டியா?" என்றாள். வளையல் பேச்சு இருவருமே எடுக்கவில்லை. அது இன்னும் பேசி முடிக்க வேண்டிய விஷயம்தான்.

நான் பார்த்து எழுதுவது 1871ல் மிஷனரி பவர் ஐயர் தலைமையில் வந்த பழைய திருப்புதல், அதாவது திருத்திய தமிழ் மொழிபெயர்ப்பு. அதற்கு அடித்தளம் ஜெர்மன் மிஷனரி பப்ரிசியஸ் ஐயர் செய்த மொழிபெயர்ப்பு. சென்னை வேப்பேரியில் பல ஆண்டு உழைத்துச் செய்த அந்த மனிதர் பணக் கொடுக்கல் வாங்கலில் மாட்டி, கடனுக்காகச் சிறையிலும் இருந்தார். 1791ல் இறந்தார், அவருடைய வேதாகமம் 1796ல்தான் முழுதாக அச்சேறி முடிந்தது. அவருக்கு முன்னே மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1715ல் அச்சிட்ட புதிய ஏற்பாடு, அதைத் திருத்தியவர்கள், திருத்தியதைத் திருத்தியவர்கள் என்று ஒரு வரிசையே இருக்கிறது. கடனாளியாகிச் சிறைக்குப் போன ஒருவரின் தமிழில்தான் நாம் தலைமுறை தலைமுறையாக ஜெபிக்கிறோம் என்று நினைக்கும்போது எனக்கு மனம் இளகிவிடுகிறது.

இப்போதைய நிலவரம்: கோபம் இன்னும் வருகிறது. போன வாரம்கூடக் காய்காரரிடம் குரல் உயர்ந்தது. ஆனால் மறுநாள் அவர் வண்டி வரும்வரை வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். முன்பெல்லாம் அப்படி நிற்க எனக்குத் தோன்றியதே இல்லை, அந்த விருப்பம் என்னிடமிருந்து வந்ததாக நான் நினைக்கவில்லை.

கழன்று விழுந்த மத்தேயு தாள்களைப் பசை போட்டு ஒட்டிவிட்டேன், கொஞ்சம் கோணலாக இருக்கிறது. நாளை தீத்து 1. இந்த நோட்டில் 11 பக்கம் மிச்சம். அக்கா ஒரு பெட்டி பேனா வாங்கிக் கொடுத்தனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள், இன்னும் வரவில்லை.