காபியில் போட்ட இனிப்பு மாத்திரை எங்கே போகிறது?

பெங்களூருவின் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தோட்டத்துக்கே திருப்பிவிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. சர்ஜாபூர் சாலையிலுள்ள எங்கள் குடியிருப்பின் செம்பருத்திக்கும் அந்தத் தண்ணீர்தான். அதே குடியிருப்பில் என்னைப் போன்ற சர்க்கரை நோயாளிகள், சிறு டப்பியை அழுத்தி மாத்திரையொன்றை ஃபில்டர் காபியில் உதிர்த்துக்கொள்கிறோம். அந்த மாத்திரையும் செம்பருத்தியின் வேருக்குத்தான் போய்ச் சேருகிறது.

அந்த மாத்திரையில் இனிப்பாக இருக்கும் சுக்ரலோஸ் 1976இல் லண்டனில் கண்டறியப்பட்டது; சர்க்கரை மூலக்கூறில் மூன்று குளோரின் அணுக்களைப் பொருத்திச் செய்யப்படுவது. சர்க்கரையைவிட ஏறத்தாழ 600 மடங்கு இனிப்பது. நம் உடலால் அதை உடைக்க முடியாது என்பதால்தான் அதில் கலோரி இல்லை. உண்டதில் பெரும்பகுதி உருமாறாமலே வெளியேறுகிறது. நம் குடலால் ஆகாதது சுத்திகரிப்புத் தொட்டியின் பாக்டீரியாக்களாலும் பெரும்பாலும் ஆவதில்லை. எல்லா இனிப்பூட்டிகளையும் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது: அஸ்பார்டேம் உடலிலேயே சிதைகிறது, சாக்கரின் தொட்டியில் பெருமளவு சிதைகிறது. அசெசல்ஃபேமோ நிலத்தடி நீரில் கழிவுநீர் கலந்திருப்பதைக் காட்டும் அடையாளமாகவே ஆய்வாளர்களுக்குப் பயன்படுமளவு நிலைத்திருந்திருக்கிறது.

இதனால் உயிர்களுக்கு என்ன ஆகிறது? தண்ணீரில் பச்சைப் பொட்டுகளாய் மிதக்கும் லெம்னா என்னும் நீர்த்தாவரத்தின் வளர்ச்சியை சுக்ரலோஸ் பாதிக்கவில்லை என்று 2011இல் வெளியான ஆய்வொன்று கண்டது. கரும்பில் சுக்ரோஸை, அதாவது சாதாரண சர்க்கரையை, கடத்தும் புரதத்தை சுக்ரலோஸ் தடுப்பதை 2006இல் காட்டினார்கள். ஆனால் அந்தச் சோதனையில் பயன்படுத்திய அளவு செறிவு எந்த வயல்நீரிலும் இராது. எனவே செம்பருத்தி வாடிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. என்னை யோசிக்கவைப்பது 2012இல் சுவீடனில் நடந்த ஆய்வுதான். இறாலுக்குத் தூரத்து உறவான, கண்ணாடி போன்ற உடலுடைய டாஃப்னியா சுக்ரலோஸ் கலந்த நீரில் நீந்தும் விதமே மாறியது. காமரிட் என்னும் மற்றொரு சிற்றுயிர், உணவையும் மறைவிடத்தையும் அடையக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டது. சாகவில்லை என்பதால் தீங்கில்லை என்று சொல்லிவிட முடியுமா? மீனுக்கு இரையாகும் உயிருக்குத் தாமதமே ஆபத்துதானே!

எங்கள் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வறிக்கையில் பிஓடி (நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்ஸிஜன் அளவு), மிதக்கும் திடப்பொருள், கோலிஃபார்ம் (மலக்கலப்பைக் காட்டும் பாக்டீரியா) ஆகியவை இருக்கும். இனிப்பூட்டிக்கு அதில் இடமில்லை. பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் சேரும் நகரத்துக் கழிவுநீர், ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் தேங்கிப் பாசனத்துக்கும் பயன்படுகிறது. மாத்திரையை என்னால் விட முடியாது. அந்த அறிக்கையில் இன்னொரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்க முடியும்.