ஓடாத சைக்கிள் அனுப்பும் கணக்கு

2025 நவம்பர் 9, ஞாயிறு

வீட்டுக்குள் மிதிக்கும் எக்சர்சைஸ் சைக்கிள் வந்து சேர்ந்தது. கூடத்துச் சன்னலோரம் பொருத்தியாயிற்று. பொருத்த வந்த தம்பி ஸ்பேனரைவிடக் கைப்பேசியைத்தான் அதிக நேரம் பிடித்திருந்தார். செயலியில் கணக்குத் தொடங்கினால்தான் உத்தரவாதம் பதிவாகும் என்றார். பிறந்த தேதி, பாலினம், உயரம், எடை ஆகியவற்றைக் கேட்டதில் நியாயம் இருக்கிறது, கலோரிக் கணக்குக்கு அவை வேண்டும். பிறகு இருப்பிடம், தொடர்பு எண்கள், ஒலிவாங்கி என்று அனுமதிகள் வரிசையாக வந்தன. இவற்றில் இருப்பிடத்துக்கு மட்டும் ஒரு பழைய காரணம் உண்டு: ஆண்ட்ராய்டு 11 வரையிலான கைப்பேசிகளில், அருகிலுள்ள புளூடூத் கருவியைத் தேடுவதற்கே இருப்பிட அனுமதி தந்தாக வேண்டியிருந்தது, 12-ஆம் பதிப்பில்தான் அதைத் தனி அனுமதியாகப் பிரித்தார்கள். என் கைப்பேசி அதற்குப் பிந்தையது. ஆகவே மூன்றையும் மறுத்துவிட்டேன். சைக்கிள் எந்தக் குறையுமின்றிச் சுழல்கிறது.

நவம்பர் 12, புதன்

சைக்கிள் கைப்பேசிக்கு என்னதான் சொல்கிறது என்று அறிய, புளூடூத் செய்திகளைப் பிரித்துக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைக் கொண்டு பார்த்தேன். உடற்பயிற்சிக் கருவிகளுக்கென 2017-இல் ஒரு பொதுத் தரம் வகுக்கப்பட்டது. எஃப்டிஎம்எஸ் என்பது அதன் சுருக்கப் பெயர். அதைப் பின்பற்றும் சைக்கிளோடு எந்த நிறுவனத்தின் செயலியும் பேசலாம். நல்லவேளையாக, எங்கள் சைக்கிள் அதைப் பின்பற்றுகிறது. வேகம், நிமிடத்துக்கு எத்தனை மிதி, தடையின் அளவு, வாட் கணக்கில் திறன், செலவான கலோரி எல்லாம் விநாடிக்கு விநாடி வந்துகொண்டிருந்தன.

இத்தனை எண்களில் சைக்கிள் நேராக அறிவது மிதியின் வேகத்தையும், தடையைக் கூட்டிக் குறைக்கும் காந்தம் நிற்கும் இடத்தையும் மட்டுமே. காந்தம் சக்கரத்தைத் தொடாமல் நெருங்கி, அதில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கிப் பின்னுக்கு இழுக்கிறது. காந்தம் இந்த இடத்தில் இருந்து, மிதி இந்த வேகத்தில் சுற்றினால் இத்தனை வாட் என்று தொழிற்சாலையில் போட்ட அட்டவணை ஒன்று உள்ளே இருக்கிறது. திறன் அதிலிருந்து எடுக்கப்படுகிறது. மிதிக்கும் விசையையே அளக்கும் உணரி விலை உயர்ந்த சைக்கிள்களில்தான் இருக்கும். கலோரிக் கணக்கு இதற்கு ஒருபடி மேலே போகிறது. 100 வாட்டில் ஒரு மணி நேரம் மிதித்தால் செய்த வேலை 360 கிலோஜூல். உடல் எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் மிதியில் வேலையாக மாறுகிறது, மற்றது வெப்பமாகக் கழிகிறது. ஒரு கிலோகலோரி என்பது 4.18 கிலோஜூல் ஆகையால், இந்த நான்கும் அந்த நான்கும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, விடை ஏறக்குறைய 360 கிலோகலோரி என்றே வந்து நிற்கிறது. அந்த நான்கில் ஒரு பங்கு ஆளுக்கு ஆள் மாறும். அட்டவணையோ கருவிக்குக் கருவி பிசகும். வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம், சான்றாக வைத்துக்கொள்ள முடியாது.

நவம்பர் 16, ஞாயிறு

முழங்கால் வலிக்கு இதமாக இருக்கிறது என்று அம்மா, சேலைக் கொசுவத்தைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலையில் காபிக்கு முன் மெதுவாக மிதிக்கிறார். செயலி என் கணக்கில் திறந்தே இருந்ததால், அவருடைய மிதியெல்லாம் என் வயதுக்கும் எடைக்கும் உரியதாகப் பதிவாகியிருந்தது. மாலையில் எனக்கொரு செய்தி: உங்கள் உடற்தகுதி குறைந்துவருகிறது, கூடுதல் பயிற்சித் திட்டத்துக்குச் சந்தா செலுத்துங்கள். அம்மாவிடம் படித்துக் காட்டியபோது, "நான் மிதிச்சதுக்கு உனக்கு ஏண்டா மார்க் போடுது?" என்று கேட்டார். வீட்டுக் கருவி வீட்டில் உள்ளவர்களுக்கெல்லாம் பொது, கணக்கு மட்டும் ஒருவர் பெயரில். மேலே உட்கார்ந்திருப்பவர் யார் என்பதை அறிய அதற்கு வழியே இல்லை, ஆனாலும் ஒவ்வொரு வரியையும் என் பெயரிட்டுத்தான் அனுப்புகிறது.

நவம்பர் 18, செவ்வாய்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியபோதும், அதற்கான விதிகள் சென்ற 14-ஆம் தேதிதான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர இன்னும் 18 மாதங்கள் ஆகும். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று சட்டம் சொல்வதை மனதார வரவேற்கிறேன். இன்றைய ஒப்புதல் பக்கத்தை அம்மாவால் படிக்க முடியாது. படிக்கத் தெரிந்த நானும் முழுதாகப் படிப்பதில்லை. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் நடத்தையைப் பின்தொடர்வதற்கும் தடை வருகிறது.

குறைகளும் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2011-ஆம் ஆண்டின் விதிகள் உடல்நலத் தகவலை, கூடுதல் கவனத்தோடு காக்க வேண்டிய நுண்ணுணர்வுத் தரவு என்று தனியே வகைப்படுத்தியிருந்தன. புதிய சட்டத்தில் அப்படி ஒரு வகை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒருவர் தாம் கொடுத்த தரவைக் கணினி படிக்கக்கூடிய வடிவில் திரும்பப் பெற்று வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லலாம். நாம் தரவின் சுருக்கத்தைக் கேட்கலாம், திருத்தலாம், அழிக்கச் சொல்லலாம். எடுத்துச் செல்லும் உரிமை கிடையாது.

நவம்பர் 23, ஞாயிறு

நிறுவனங்களின் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு உடற்பயிற்சி சைக்கிள் விற்கும் அமெரிக்க நிறுவனமான பெலோட்டனின் 2021-ஆம் ஆண்டு விவகாரம் ஒன்று போதும். தம் விவரங்களை மறைத்துவைக்கும்படி அமைத்திருந்த பயனர்களின் வயது, பாலினம், ஊர், பயிற்சிக் கணக்கு ஆகியவற்றைக்கூட, கடவுச்சொல் எதுவுமின்றி அந்நிறுவனத்தின் சர்வரிலிருந்து எடுக்க முடிகிறது என்பதை பென் டெஸ்ட் பார்ட்னர்ஸ் என்ற பிரிட்டன் பாதுகாப்பு நிறுவனம் கண்டறிந்து ஜனவரியில் தெரிவித்தது. முதலில் வந்த திருத்தம், தகவலை உறுப்பினர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றியதோடு நின்றது; பணம் கட்டி உறுப்பினராவதற்கு யாருக்கும் தடையில்லையே! முழுத் தீர்வு மே மாதம் செய்தியாளர்கள் கேட்கத் தொடங்கிய பிறகே வந்தது.

நிறுவனமே கைமாறும்போது இன்னொரு கேள்வி எழுகிறது. உடற்பயிற்சியை அளக்கும் கைக்கருவிகளைச் செய்யும் ஃபிட்பிட் நிறுவனத்தைக் கூகுள் வாங்க 2020 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் அனுமதித்தபோது, அந்தக் கைக்கருவிகளின் உடல்நலத் தரவை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 10 ஆண்டுகளுக்கு நிபந்தனை விதித்தது. அந்த நிபந்தனை ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் உள்ள பயனர்களுக்கு உரியது.

நவம்பர் 29, சனி

எங்கள் மருத்துவக் காப்பீட்டைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் முகவர் வந்திருந்தார். செயலியைக் காப்பீட்டுக் கணக்கோடு இணைத்தால் புள்ளிகள் சேரும், புதுப்பிக்கும்போது பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றார். வீட்டில் பலர் மிதிக்கிறோம், எது யாருடையது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "யாரு மிதிச்சாலும் கணக்கு உங்க பேர்லதானே சார் ஏறும், நல்லதுதானே!" என்று சிரித்தார். அவர் சொன்னதில் சூது இல்லை. என்னைத் தயங்கவைத்தது, துடிப்பை அளக்கும் மார்புப் பட்டையைச் சேர்த்தால் அதே வழியில் அம்மாவின் இதயத்துடிப்பும் என் பெயரில் ஏறும் என்பதுதான். இன்று கழிவு தருவதற்காகச் சேர்க்கும் பதிவை, பின்னொரு நாள் இழப்பீடு கோரும்போது வேறு கண்ணோடு யாரும் புரட்டமாட்டார்கள் என்பதற்கு எழுத்தில் உறுதி கேட்டேன். கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார்.

டிசம்பர் 3, புதன்

நிறுவனத்தின் கணக்கை அழிக்க விண்ணப்பித்துவிட்டேன். உத்தரவாதம் சைக்கிளின் வரிசை எண்ணோடு இருப்பதால் அது பாதிக்கப்படாது என்று வாடிக்கையாளர் சேவையில் மின்னஞ்சலாகவே வாங்கி வைத்திருக்கிறேன். இப்போது பொதுத் தரத்தில் பேசும் வேறொரு செயலி இருக்கிறது. அது கணக்குக் கேட்பதில்லை, ஒவ்வொரு பயிற்சியையும் கைப்பேசியிலேயே ஒரு கோப்பாக வைக்கிறது. அம்மாவுக்கும் எனக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனி எடை. மார்புப் பட்டையும் வாங்கியிருப்பதால் துடிப்பாவது நேராக அளந்ததாக இருக்கும். அடுத்த வாரம் அம்மாவை மூட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது காட்ட, அவர் மிதித்த நிமிடங்களையும் துடிப்பையும் ஒரே தாளில் அச்செடுத்தேன். கலோரிப் பத்தியை மட்டும் நீக்கிவிட்டேன்.