டெங்குன்னு ரிசல்ட் வந்தும் காய்ச்சல் விடலன்னா

எங்க பாப்பாவுக்கு மூணு வயசு, ராணிப்பேட்டை பக்கம் ஊரு, மழை சீசன்ல காய்ச்சல் வந்து ரெண்டாம் நாளே என்எஸ்1ங்கிற டெங்கு ரத்த டெஸ்ட் பாசிட்டிவ், அட்மிட் பண்ணிட்டோம். டெங்குவுக்குன்னு தனி மருந்து இல்ல, எடைக்கு ஏத்த பாராசிட்டமால், ஓஆர்எஸ், கஞ்சி, தேவைப்பட்டா டிரிப்ஸ், அவ்ளோதான். புரூஃபென் தொடவே கூடாதுன்னுட்டாங்க, ரத்தக்கசிவு ஆகுமாம். சொந்தக்காரங்க எல்லாரும் பிளேட்லெட் எவ்ளோ பிளேட்லெட் எவ்ளோன்னு கேட்டு உசுர வாங்க, டாக்டர் மேடம் பாத்தது பிசிவியும் (ரத்தம் எவ்ளோ கெட்டியாகுதுன்னு காட்டுற அளவு) ஒண்ணுக்கு போற அளவும்தான். காய்ச்சல் விடுற நேரத்துலதான் ரத்தக்குழாய்லருந்து நீர் கசியும், அந்த 24-48 மணி நேரம்தான் கவனமா இருக்கணும்னாங்க.

இவளுக்கு விட்டாதானே! பிளேட்லெட் ஏற ஆரம்பிச்சிடுச்சு, ஒரு வாரம் தாண்டிடுச்சு, காய்ச்சல் மட்டும் 103லயே நிக்குது. வெறும் டெங்குன்னா இவ்ளோ நாள் இழுக்காதேன்னு சொல்லிட்டு மேடம் புள்ளைக்கு துணியெல்லாம் கழட்டி காதுக்குப் பின்னாடி, அக்குள், தொடை இடுக்கு, ஜட்டி எலாஸ்டிக் படுற இடம்னு டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. அக்குள்ல சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்பா ஒரு பொருக்கு. வலியும் இல்ல, அரிப்பும் இல்ல, அப்புறம் புள்ள எப்படி சொல்லும்? ஸ்க்ரப் டைபஸ்ங்கிற பாக்டீரியா காய்ச்சலாம், அந்தப் பொருக்கு பூச்சி கடிச்ச இடமாம். இது கொசுவால வர்றது இல்ல, புதர்லயும் புல்லுலயும் இருக்குற கண்ணுக்கே சரியா தெரியாத பூச்சி கடிச்சு வர்றது, ஆனா டெங்கு வர்ற அதே மழைக்காலத்துலதான் இதுவும் வருது, எங்க வீட்டுக்குப் பின்னாடி முழுக்க புதர்தான்.

ரத்தம் எடுத்து அனுப்பிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம டாக்ஸிசைக்ளின்ங்கிற ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்சாங்க. சின்னப் புள்ளைக்கு அதக் குடுத்தா பல்லு கறை ஆகும்னு எங்க அத்தை ஒரே புலம்பல், கொஞ்ச நாள் குடுக்குறதுக்கு அப்படி ஆகாதும்மான்னு மேடம் சமாதானம் சொன்னாங்க. குடுத்த ரெண்டு நாளுக்குள்ள காய்ச்சல் இறங்கிடுச்சு, அதுவே ஸ்க்ரப் டைபஸ்தான்ங்கிறதுக்கு ஒரு அடையாளமாம், அனுப்புன ரத்தத்துல ஐஜிஎம் (கிருமிக்கு எதிரா உடம்பு உருவாக்குற எதிர்ப்புப் பொருள்) ரிசல்ட்டும் அப்புறம் பாசிட்டிவ்னு வந்துச்சு.

அப்போ டெங்கு ரிசல்ட் தப்பான்னு வீட்டுக்காரர் கேட்டாரு. டெங்கு ஐஜிஎம் மட்டும் பாசிட்டிவ்னா ரெண்டு மூணு மாசம் முன்னாடி வந்துட்டுப் போனதாக்கூட இருக்கலாம், ஆனா இவளுக்கு பாசிட்டிவ் ஆனது என்எஸ்1, அது வைரஸோட புரதத்தையே காட்டுற டெஸ்ட், அதனால பாப்பாவுக்கு ரெண்டுமே சேர்ந்துதான் வந்திருக்குன்னாங்க.