எது ஒத்துக்கொள்ளவில்லை? கடைசியாகச் சாப்பிட்டதை மட்டும் பிடிக்காதீர்கள்

வயிறு உப்பியதும் மனசு உடனே போய் நிற்கும் இடம், "இப்போ என்ன சாப்பிட்டோம்?" தேடல் பெரும்பாலும் அங்கேயே தடம் மாறிவிடுகிறது. ஒரு வேளைச் சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்கவே 2 முதல் 4 மணி நேரம் ஆகும். வாயு அதிகம் உண்டாவது அதற்கும் கீழே, பெருங்குடலில். சிறுகுடலில் செரிக்காமல் தப்பி வந்த சர்க்கரை வகைகளை அங்குள்ள பாக்டீரியா நொதிக்க வைப்பதால் வருவது அது. ஆக, மாலை 4 மணிக்கு வயிறு பொருமினால் காலையில் சாப்பிட்டதையும் மதியம் சாப்பிட்டதையும் விசாரிக்க வேண்டும். மூன்றரைக்குக் கொறித்த பிஸ்கட் பாவம், சம்பவ இடத்தில் நின்றிருந்தது, அவ்வளவுதான்.

சாப்பிட்டு எழுந்த பத்து நிமிடத்தில் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறதா? அப்போது வெளியேறுவது ஒன்றிரண்டு நாள் முன்பு சாப்பிட்டது. இரைப்பை விரிந்ததும் பெருங்குடல் சுருங்குவது எல்லோருக்கும் உள்ள அனிச்சைச் செயல். சிலருக்கு அது கூடுதல் வேகத்தில் நடக்கிறது. அளவு அதிகமான சாப்பாடும் கொழுப்பும் காபியும் அதை மேலும் முடுக்கிவிடும். இதற்குப் பொருளை மாற்றுவதைவிட அளவைக் குறைத்து, வேளைகளைப் பிரித்துச் சாப்பிட்டுப் பார்ப்பதுதான் முதல் வேலை.

தோராயமான நேரக் கணக்கு இது. நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் என்றால் கடந்த ஓரிரு மணி நேரத்தைப் பாருங்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தொல்லை பெரும்பாலும் அரை மணியிலிருந்து 2 மணி நேரத்துக்குள் தொடங்கும். வெங்காயம், பூண்டு, கோதுமை, பீன்ஸ் போன்றவை தாமதமாகத்தான் வேலையைக் காட்டும். நாலைந்து மணி நேரம் ஆகலாம், மறுநாள் வரையும் இழுக்கலாம்.

எதையும் நிறுத்துவதற்கு முன் கவனிக்க வேண்டியவை உண்டு. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, விழுங்குவதில் சிரமம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது பேதி, 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய தொல்லை: இவற்றில் ஏதாவது இருந்தால் உணவு டைரி எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். உதடு வீங்குவது, தோல் தடிப்பது, மூச்சு இறுகுவது எல்லாம் ஒவ்வாமையின் அறிகுறிகள். அந்த உணவை வீட்டில் சோதித்துப் பார்க்கவே கூடாது. இன்னொன்று, பலர் தவறவிடுவது: கோதுமை மேல் சந்தேகம் இருந்தால், அதை நிறுத்துவதற்கு முன்பே குளூட்டன் என்ற கோதுமைப் புரதத்தால் குடல் பழுதாகும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். குளூட்டனை நிறுத்திவிட்டால் எதிரணுக்கள் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். பிறகு சோதனைக்காகவே வாரக்கணக்கில் மறுபடி கோதுமை சாப்பிட நேரும்.

இனி டைரி. இரண்டு வாரம், வழக்கம்போலச் சாப்பிட்டபடி எழுத வேண்டும். "ரொட்டி" என்று எழுதினால் போதாது, "ரொட்டி 2 துண்டு, காலை 8.10" என்று எழுத வேண்டும். சாஸ், சர்க்கரையில்லாத சூயிங்கம், இருமல் சிரப் எல்லாம் கணக்கில் வரும். பின்னவை இரண்டிலும் சார்பிட்டால் என்ற இனிப்பூட்டி இருப்பதுண்டு. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, மக்னீசியம் உள்ள ஆன்டாசிட், வலி மாத்திரை, மாதவிடாய் நாட்கள், தூக்கம் கெட்ட இரவு ஆகியவற்றுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். தொல்லையை 0 முதல் 10 வரை மதிப்பிட்டு, நேரத்தோடு குறியுங்கள். மலத்துக்கு 7 வகை கொண்ட பிரிஸ்டல் அட்டவணை உண்டு. 1, 2 என்றால் மலச்சிக்கல், 3, 4 சரியான நிலை, 6, 7 பேதி. மலச்சிக்கல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தேங்கிய குடலுக்கு எதைப் போட்டாலும் உப்புசம்தான். உணவு மேல் பழி போடுவதில் பயனில்லை.

டைரியைப் படிக்கும்போது கெட்ட நாட்களை மட்டும் புரட்டுவது பெரிய பிழை. கெட்ட நாள் ஐந்திலும் வெங்காயம் இருக்கிறது, சரி. நல்ல நாள் ஒன்பதிலும் அது இருந்தால்? அப்போது வெங்காயம் என்பது ஆதாரமாகாது, அதன் அளவு ஆதாரமாகலாம். சேர்மானமும் ஆகலாம். தனித்தனியே தாங்கும் மூன்று பொருள்கள் ஒரே வேளையில் சேர்ந்தால் வரம்பு தாண்டிவிடும்.

சந்தேகம் ஒரே பொருள்மேல் விழுந்தால் அதை மட்டும் இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். பலவற்றின் மேல் விழுந்தால்தான் ஃபாட்மேப் முறை தேவைப்படும். மெல்பர்ன் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ல் இந்தப் பெயரை அறிமுகப்படுத்தினார்கள். குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் நொதிக்கும் குறுஞ்சங்கிலிச் சர்க்கரைகளை மொத்தமாகக் குறைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பதுதான் முறை. குறைக்கும் கட்டம் 2 முதல் 6 வாரம். அதற்குள் மாற்றமே தெரியவில்லையென்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது, கைவிடுங்கள். நன்றாக இருக்கிறதே என்று அதிலேயே தங்கிவிடுவதும் தவறு. நல்ல பாக்டீரியாவுக்கு உணவாக இருப்பவையும் இதே சர்க்கரைகள்தான். குழந்தைகளும் எடை குறைந்தவர்களும் உணவியல் நிபுணர் துணையில்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

திரும்பச் சேர்க்கும் கட்டத்தில்தான் உண்மை தெரியும். ஒரு வகைக்கு மூன்று நாள். பால்: முதல் நாள் 60 மி.லி., அடுத்த நாள் 125, மூன்றாம் நாள் 250. கோதுமை ரொட்டி: 1, 2, 3 துண்டு. தேன்: 1 டீஸ்பூன், 2, பிறகு 3. தொல்லை தெளிவாக வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த சோதனைக்கு முன் இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள். தேறிய பொருளையும் எல்லாச் சோதனையும் முடியும்வரை உணவில் சேர்க்க வேண்டாம், சேர்த்தால் அடுத்த முடிவு கலங்கிவிடும். லேசான வாயு தோல்வியல்ல, அது எல்லோருக்கும் வரும்.

சோதனைப் பொருளில் ஒரே வகைச் சர்க்கரை இருக்க வேண்டும். ஆப்பிளில் ஃபிரக்டோஸும் உண்டு, சார்பிட்டாலும் உண்டு. அதில் தோற்றால் எது என்று எப்படிச் சொல்வது? கோதுமையில் எல்லோரும் குளூட்டனைத்தான் திட்டுகிறார்கள். ஆனால், சீலியாக் இல்லாமலே குளூட்டனை ஒதுக்கி வாழ்ந்த 59 பேரை வைத்து நார்வேயில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், குளூட்டனைவிட ஃபிரக்டான் என்ற குறுஞ்சங்கிலிச் சர்க்கரைதான் அதிகத் தொல்லை தந்தது. அதே ஃபிரக்டான்தான் வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிறது. அது நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் பூண்டை எண்ணெயில் வதக்கிப் பல்லை எடுத்துவிட்டால் மணம் மட்டும் தங்கும். குழம்பில் போட்டு எடுப்பது பலிக்காது, சர்க்கரை நீரில் இறங்கிவிடும். பூண்டெண்ணெயை அன்றன்றைக்குச் செய்துகொள்ளுங்கள். அறை வெப்பத்தில் நாள்கணக்கில் வைத்தால் பாட்டுலிசம் நச்சு உருவாகும் ஆபத்து உண்டு.

பயமும் வயிற்றை உப்ப வைக்கும். பால்தான் காரணம் என்று உறுதியாக நம்புகிறவர், வீட்டில் ஒருவரிடம் சொல்லி ஒரு நாள் சாதாரணப் பாலும் வேறொரு நாள் லாக்டோஸ் (பாலில் உள்ள சர்க்கரை) நீக்கிய பாலும் எது என்று சொல்லாமல் தரச் சொல்லலாம். இதில் ஒரு சிக்கல்: லாக்டோஸ் உடைந்த பால் சற்றே இனிக்கும், நாக்கு கண்டுபிடித்துவிடும். இரண்டிலும் கோகோவும் சர்க்கரையும் கலந்துவிடுங்கள். லாக்டோஸுக்கு மூச்சுப் பரிசோதனையும் உண்டு, நம்பலாம். நூறு உணவுகளுக்கு ஐஜிஜி எதிரணு பார்த்துப் பட்டியல் தரும் ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் காசைக் கொட்டாதீர்கள். அந்த உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் அது காட்டும்.

தோற்ற பொருளை ஆயுளுக்கும் தள்ளிவைக்க வேண்டியதில்லை. பால் ஒத்துக்கொள்ளாத பலர் ஒரு கோப்பை, அதாவது சுமார் 12 கிராம் லாக்டோஸ் வரை, சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் தாங்குகிறார்கள். இறுகிய பழைய சீஸில் லாக்டோஸ் அநேகமாக இருப்பதே இல்லை. டின் பீன்ஸை நீரை வடித்து அலசிவிட்டால் சுமை குறையும். மூன்று மாதம் கழித்து, தோற்ற அளவில் பாதியிலிருந்து மறுபடி தொடங்கிப் பாருங்கள்.