உச்சிப்புளி வெயிலில் கம்பளி போட்ட கதை

மே மாத மத்தியானம், உச்சிப்புளி டீக்கடையில், தெர்மல் என்கிற குளிர் உள்ளாடை, அதற்கு மேல் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற குளிர்ச்சட்டை, அதற்கும் மேல் ரைடிங் ஜாக்கெட் என்று ஒருத்தன் உட்கார்ந்திருந்தால் ஊர் என்ன சொல்லும்? "பயலுக்கு வெயில்ல மூளை கலங்கிருச்சு" என்றுதான் சொன்னார்கள். பைக்கில் லடாக் போகிறேன், போட்டுப் பார்க்கிறேன் என்று எத்தனை பேரிடம்தான் விளக்குவது. ஆனால் அந்தக் கூத்தில்தான் ஒரு விஷயம் தெரிந்தது. கடையில் வெறும் டீஷர்ட் மேல் போட்டுப் பார்த்து "கச்சிதமா இருக்கு" என்று வாங்கிய ஜாக்கெட், உள்ளே இரண்டு அடுக்கு சேர்ந்ததும் முழங்கையை மடக்க விடவில்லை. மறுநாளே ஒரு சைஸ் பெரிதாக மாற்றினேன்.

அப்புறம் சித்தப்பா என் பையைத் திறந்து பார்த்தார். மூன்று ஜீன்ஸ், ஆறு காட்டன் பனியன். "ஏப்பா, நனைஞ்ச பனியனோட வாடைக்காத்துல வள்ளத்துல நின்னுருக்கியா?" என்றார். நின்றிருக்கிறேன். நம் கடலில் என்ன பெரிய குளிர், ஆனாலும் பல் தந்தியடிக்கும். பருத்தி வியர்வையையும் தண்ணீரையும் குடித்துவிட்டு உடம்பிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும், காற்று பட்டதும் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். இது நமக்குத் தெரியாததா? மலை என்றதும் மறந்துபோகிறது, அவ்வளவுதான்.

ஆக, உடம்போடு ஒட்டுவது பாலியஸ்டர் தெர்மல் அல்லது மெல்லிய கம்பளி, நடுவில் ஃப்ளீஸ், வெளியே காற்று புகாத ஜாக்கெட், மழைக்கு எல்லாவற்றுக்கும் மேலே ரெயின்கோட். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும் என்பதை எல்லோரும் சொல்வார்கள், வண்டி வேகம் என்ன செய்யும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. 5 டிகிரியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் தோலுக்கு அது மைனஸ் 2 மாதிரி. பாம்பன் பாலத்து நடுவில் கச்சான் காற்று அடிக்கும்போது வண்டி ஓட்டியவனுக்கு இது புரியும்.

லடாக் போகும் வழியில், மணாலியில் கிளம்பி 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதையைத் தாண்டும்வரை எல்லாம் சுகம். கிட்டத்தட்ட 4,900 மீட்டர் உயரத்தில் இருக்கிற பாரலாச்சா கணவாயில், ஜூலை மாதத்தில், தூறல். முதலில் மரத்துப்போனது விரல்தான். வாட்டர்ப்ரூஃப் என்று எழுதியிருந்த கையுறை அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை, பிரேக் லீவரைத் தொட்டிருக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. மண்டபம் மீன்பிடித் துறையில் ஐஸ் கட்டி தூக்குகிறவர்கள் போடுவார்களே, ஆரஞ்சு நிற ரப்பர் கையுறை, அதில் பெரிய சைஸாக ஒரு ஜோடியைச் சித்தப்பா பையில் திணித்திருந்தார். கையுறைக்கு மேல் அதை மாட்டியதும் காற்றும் தண்ணீரும் நின்றது. பார்க்கக் கோமாளித்தனம்தான், இருக்கட்டும்.

பனி உருகி, சாலைக்குக் குறுக்கே ஓடும் ஓடைகள் பெருகுவது மதியத்துக்கு மேல், அதனால் காலையிலேயே கடந்துவிடுங்கள். ஷூ நனைவது எப்படியும் நடக்கும். காய்ந்த கம்பளி சாக்ஸ் போட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் பை மாட்டி, ஈர ஷூவுக்குள் காலை விட்டால் போதும். இறுக்கமாக இரண்டு சாக்ஸ் போடாதீர்கள், ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் விறைக்கும்.

ஜீன்ஸ் மூன்றும் மடிப்புக் கலையாமல் ஊர் திரும்பின. ஃப்ளீஸ் இப்போது சித்தப்பாவிடம், மார்கழியில் ராத்திரி கடலுக்குப் போட்டுக்கொண்டு போகிறார். எத்தனை முறை துவைத்தும் மீன் வாடை போகமாட்டேன் என்கிறது.