இராயப்பர் கோயிலில் கிடைத்த அபராதம்

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் வடசென்னையில் எந்தக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போனாலும், இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளில் தியானிக்கும் சிலுவைப்பாதை உண்டு. இந்த முறை இராயபுரம் புனித இராயப்பர் (பேதுரு) ஆலயத்துக்குப் போனேன். கல்மண்டபத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நடந்தே போய்விடலாம்.

இந்தக் கோயிலைக் கட்டியவர்கள் படகுக்காரர்கள். சென்னைக்குத் துறைமுகமே இல்லாத காலம் அது. கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கையும் ஆட்களையும் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டு வந்தவை மசூலா படகுகள். அவற்றில் ஆணியே கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள்; அலை மோதும்போது படகு வளைந்து கொடுக்கும், உடையாது. அந்தத் தொழிலைச் செய்த குருகுல வம்சத்தவர் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஆலயம் இது. தினமும் உயிரைப் பணயம் வைத்துக் கடலில் இறங்கியவர்கள் தங்களுக்குப் பாதுகாவலராக வைத்துக்கொண்டது தண்ணீரில் நடக்கப் போய் மூழ்கத் தொடங்கிய ஒரு மீனவரை. ஆண்டவரை மூன்று முறை மறுதலித்தவரும் அவர்தான்.

சிலுவைப்பாதைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது, நடந்துகொண்டிருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு அம்மா. காசிமேட்டிலிருந்து நேராக வந்திருப்பார்கள் போல. கையைத் தேய்த்துக் கழுவியிருந்தும் கண்ணாடி வளையலுக்கு அடியில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டு மினுங்கியது. சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்கள்.

"போன வருஷமும் இதையேதான் சொன்னேன் தம்பி. இந்த வருஷமும் அதையேதான் சொல்லப் போறேன். சாமி இன்னா நெனப்பாரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எனக்குள்ளும் அதே கேள்விதான் பல தவக்காலமாக இருக்கிறது. பெரிய பாவத்தைச் செய்துவிட்டு ஒருநாள் அழுது மனம் திரும்புவது ஒரு வகை. அதே சின்ன அசிங்கத்தை ஆண்டுதோறும் தூக்கிக்கொண்டு வந்து அதே பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிடுவது இன்னொரு வகை. இரண்டாவதுதான் ஆளை அதிகம் சோர்வடைய வைக்கிறது என்பது என் எண்ணம். பாவம் பெரிதாக இருப்பதால் நம்பிக்கை இழப்பவர்களைவிட, அது பழையதாகவே இருப்பதால் கோயிலுக்கு வருவதை நிறுத்தியவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

என் முறை வந்தது. என்ன சொன்னேன் என்பது எனக்கும் கடவுளுக்கும். கடைசியில், பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரத்தைப் பற்றி ஃபாதரிடம் இதை மட்டும் கேட்டேன்: "இனிமே செய்ய மாட்டேன்னு மனஸ்தாப மந்திரத்துல ஒவ்வொரு தடவையும் சொல்றேன் ஃபாதர். அது பொய்யாத்தானே போயிடுது?"

"உம் உதவியைக் கொண்டுன்னு அந்த மந்திரத்துலயே வருதே. உங்க பலத்த நம்பி சொல்ற வாக்கு இல்ல அது" என்றார். அப்புறம், "இராயப்பர் கோயிலுக்கு வந்திருக்கீங்க. கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை உட்கார்ந்து நிதானமா வாசிச்சுட்டுப் போங்க. அதுதான் உங்களுக்கு அபராதம்."

அபராதம் என்றால் பாவப் பரிகாரமாகச் செய்யும்படி குரு சொல்வது. பாவமன்னிப்பு பெற்று, பின்பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, கலாத்தியருக்குப் பவுல் எழுதிய திருமுகத்தில் அந்த அதிகாரத்தை வாசித்தேன்.

இராயப்பரின் கதை நமக்குத் தெரிந்ததுதான். தலைமைக் குருவின் முற்றம், குளிர், கரித்தீ, பணிப்பெண் ஒருத்தியின் கேள்வி. "அவரை எனக்குத் தெரியாது." சேவல் கூவியதும் ஆண்டவர் திரும்பி அவரைப் பார்த்தார் என்று லூக்கா மட்டும் எழுதுகிறார். உயிர்ப்புக்குப் பிறகு திபேரியக் கடலோரம்; அங்கேயும் கரித்தீ, அதன்மேல் மீன். மூன்று முறை மறுத்தவரிடம் மூன்று முறை "நீ என்னை அன்பு செய்கிறாயா?" என்று கேட்கிறார் இயேசு. பெந்தக்கோஸ்து நாளில் இராயப்பர் பேசியதைக் கேட்டு ஏறக்குறைய 3000 பேர் திருமுழுக்குப் பெற்றார்கள். நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் இங்கேயே கதையை முடித்துவிடுகின்றன. கோழையாக இருந்தார், ஆவியார் வந்தார், வீரரானார். சரி, அதற்குப் பிறகு?

அதற்குப் பிறகுதான் அந்தியோக்கியா. பிற இனத்துக் கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் இராயப்பர். எந்த மனிதரையும் தீட்டுள்ளவர் என்று சொல்லாதே என்று கொர்னேலியு என்ற பிற இனத்துப் படைத்தலைவர் விஷயத்தில் கடவுளே அவருக்குக் காட்டியிருந்தார். ஆனாலும் எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து, அப்படிச் சேர்ந்து சாப்பிடுவதை ஏற்காத யூதக் கிறிஸ்தவர் சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து பந்தியை விட்டு விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதக் கிறிஸ்தவர்களும் விலகினார்கள், பவுலின் தோழர் பர்னபா கூட. பவுல் எல்லார் முன்னிலையிலும் நேருக்கு நேர் கண்டித்தார்.

முற்றத்தில் பணிப்பெண் முன்னால் வந்த அதே பயம்தான் இது. மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம். ஆண்டவரின் பார்வையும், கடலோரத்து மன்னிப்பும், தூய ஆவியும் பெற்ற பிறகும் அது அவருக்குள் இருந்திருக்கிறது. ஆனால் அந்தப் பயத்தோடேயே உரோமை வரைக்கும் போனார், அங்கே இரத்தம் சிந்தினார்.

திருமுழுக்குக்குப் பிறகும் பாவத்தின் பக்கம் இழுக்கும் நாட்டம் நமக்குள் தங்கியிருக்கும், அது நாம் போராடுவதற்காக விடப்பட்டிருக்கிறது, அதற்கு இணங்காமல் எதிர்த்து நிற்பவரை அது கெடுக்காது என்று 1546இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் போதித்தது. இராயப்பரின் பயம் பலவீனம்; பந்தியை விட்டு எழுந்தது தவறு. இந்த வித்தியாசம் தெரியாததால் எத்தனை நல்ல மனிதர்கள் தங்களை வெறுத்துக்கொண்டு வாழ்கிறார்கள்! அதற்காக, எப்படியும் மன்னிப்பார் என்று அலட்சியமாக இருக்கவும் இடமில்லை. அருள் பெருகட்டும் என்று பாவத்திலேயே இருந்துவிடலாமா என்று கேட்டு, ஒருபோதும் கூடாது என்று உரோமையருக்கு அழுத்தமாக எழுதியவரும் பவுல்தான். "என் அருள் உனக்குப் போதும்" என்ற ஆண்டவரின் வாக்கைப் பெற்றவரும் அவரே. தன் உடலில் தைத்த முள் என்று அவர் சொன்ன ஒரு துன்பத்தை எடுத்துவிடும்படி அவர் மூன்று முறை வேண்டினார். முள் எடுக்கப்படவில்லை.

சிலுவைப்பாதை தொடங்கியது. பதினான்கு நிலைகளில் மூன்று, ஏழு, ஒன்பது ஆகியவை இயேசு கீழே விழுகிற நிலைகள். ஒன்பதாம் நிலையில் முழந்தாளிட்டபோது முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவருக்கு எழ முடியவில்லை. பக்கத்தில் நின்ற பையன் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கிவிட்டான். அடுத்த நிலையிலும் அவர் முழந்தாளிட்டார். "உட்காருங்க தாத்தா" என்று அவன் சொல்லியும் கேட்கவில்லை.

மறுநாள் பெரம்பூர் லூர்து அன்னை திருத்தலத்துக்குப் போனேன். கீழ்க்கோயிலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் மாதாவின் கெபி (குகை) முன்னால் வந்து செபமாலை சொன்னேன். 1858இல் பிரான்சின் லூர்து நகரில் பெர்னதெத் என்ற சிறுமிக்கு மாதா தந்த செய்தியில் பாவிகளுக்காக மன்றாடு, தவம் செய் என்பது முக்கியமானது. பிப்ரவரி 25ஆம் தேதி, சொன்ன இடத்தில் அவள் கையால் தோண்டியபோது முதலில் வந்தது சேறுதான். அந்தச் சேற்றுத் தண்ணீரைக் குடித்தாள். முகமெல்லாம் சேறாக இருந்தவளைப் பார்த்துப் பைத்தியம் என்றார்கள். பிறகு அதே இடத்தில் தெளிந்த ஊற்று ஓடியது. தன்னுடைய பாவத்துக்காக மட்டும் அந்தச் சிறுமி தோண்டவில்லை. நானும் அந்தச் செபமாலையில் ஒரு பத்துமணியைப் பாவசங்கீர்த்தன வரிசையில் பார்த்த அம்மாவுக்காகவும், கோயில் பக்கமே வராமல் போன சிலருக்காகவும் ஒப்புக்கொடுத்தேன். அதில் ஒருவருக்கு அன்று இரவே போன் செய்தேன்; கொஞ்ச நேரம் பேசினோம், கோயிலைப் பற்றி நான் எதுவும் எடுக்கவில்லை.

பெரம்பூரில் திருவிழா பிப்ரவரி 11ஐ ஒட்டி நடக்கும். இராயப்பரின் திருநாள் ஜூன் 29. திருவிழா நாட்களில் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட்டம் அதிகமாக இருக்கும். ஃபாதரிடம் மனம்விட்டு ஏதாவது கேட்க வேண்டும் என்று நினைப்பவர்கள் சாதாரண நாளாகப் பார்த்து, கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள்.