பரிசுப் பணத்துக்கு மட்டும் ஓடிய குதிரை

2021 நவம்பர் 5 அன்று கலிஃபோர்னியாவின் டெல் மார் மைதானத்தில் நடந்த ஜுவெனைல் டர்ஃப் குதிரைப் பந்தயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்தக் கூச்சலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அமெரிக்காவின் பெரிய பந்தய விழாவான பிரீடர்ஸ் கப்பில் ஜெயித்து வரும் மாடர்ன் கேம்ஸ் என்ற இரண்டு வயதுக் குதிரைக்குக் கைதட்டல் கிடைக்கவில்லை, கூட்டம் ஊளையிட்டது. என்னை உறுத்துவது அந்தக் கூச்சல் இல்லை. அதற்குச் சற்று முன், குதிரைகள் புறப்படும் ஸ்டார்டிங் கேட் அருகே ஒரு விஷயம் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போய்ச் சேரவில்லை. கட்டும் பணத்தைக் கணக்கிட்டுப் பங்கிடும் டோட் பக்கம் வேலை பார்க்கிறவன் என்பதால், அதன் பிறகு நடந்த ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மனம் ஆறவில்லை.

நடந்தது இதுதான். கேட்டில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு தடுப்பறை, அதுதான் ஸ்டால். ஒன்றாம் ஸ்டாலில் மாடர்ன் கேம்ஸ், இரண்டாவதில் ஆல்பார். இரண்டுமே கோடால்பின் நிறுவனத்தின் குதிரைகள், இரண்டுக்கும் சார்லி ஆப்பிள்பிதான் டிரெய்னர். ஆல்பார் மிரண்டு எழும்பி ஸ்டாலுக்குள்ளேயே சரிந்தது. பக்கத்துக் குதிரைக்கு அடிபடக் கூடாது என்று கேட் ஆள் ஒருவர் மாடர்ன் கேம்ஸின் முன்கதவைத் திறந்து அதை வெளியே விட்டார். செய்ய வேண்டியதைத்தான் செய்தார். ஆனால் அங்கிருந்த கால்நடை மருத்துவர் தரப்பு, குதிரை கதவை முட்டித் திறந்துகொண்டு வந்ததாக நினைத்தது. அதைப் பந்தயத்திலிருந்து விலக்கச் சொன்னது. பந்தய நடுவர்களான ஸ்டீவர்டுகள் விலக்கினார்கள்.

அந்தக் கதவு வேலை செய்யும் விதம் தெரியாவிட்டால் இந்தக் குழப்பம் அபத்தமாகப்படும். ஸ்டாலுடைய முன்கதவுகளை மின்காந்தம்தான் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தியதும் மின்சாரம் நின்றுபோகும், ஸ்பிரிங் கதவுகளை அடித்துத் திறக்கும். குதிரை பலமாக முட்டினாலும் காந்தப்பிடி விட்டுவிடும். முரட்டுத்தனமாக முட்டும் குதிரை கதவிலேயே மாட்டிக் காயப்படாமலிருக்க அப்படித்தான் அமைக்கிறார்கள். ஆள் கையால் திறந்தாலும் அதே கதவு அதே மாதிரிதான் திறந்து நிற்கும். கதவு திறந்த அந்த ஒரு நொடியில் கண் ஆல்பார் மேல் இருந்திருந்தால், அடுத்துத் தெரிவது திறந்த கதவும் அதற்கு வெளியே ஒரு குதிரையும் மட்டுமே. அந்த நொடியில் எல்லோர் கண்ணும் ஆல்பார் மேல்தான் இருந்திருக்கும்.

முட்டிக்கொண்டு வந்த குதிரைக்கு நெற்றியிலோ மார்பிலோ முன்காலிலோ அடிபட்டிருக்கலாம். அதைச் சந்தேகிப்பது மருத்துவரின் கடமை. 2019 தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் சான்டா அனிடா மைதானத்தில் சில மாதங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட குதிரைகள் இறந்தன. அந்த ஆண்டு பிரீடர்ஸ் கப் கிளாசிக்கில் மங்கோலியன் குரூம் பின்னங்கால் உடைந்து, கருணைக் கொலை செய்யப்பட்டது. நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த ஒளிபரப்பில் நடந்தது அது. அதற்குப் பின் கலிஃபோர்னியாவில் சந்தேகம் வந்தால் நிறுத்து என்பதுதான் நடைமுறை. மருத்துவர் ‘வேண்டாம்’ என்றால் ஸ்டீவர்டு விவாதிப்பதில்லை. அவர் விவாதிக்கவும் கூடாது.

விலக்கு என்ற உத்தரவு வந்ததும் எங்கள் பக்கம் என்ன ஆகிறது என்று சொல்கிறேன். வின் பூலில், அதாவது ஜெயிக்கும் குதிரைக்காகக் கட்டிய மொத்தப் பணத்தில், 10 லட்சம் டாலர் இருக்கிறது, அதில் 3 லட்சம் ஒன்றாம் எண் மேல், 1 லட்சம் வேறொரு குதிரை மேல் என்று வையுங்கள். கலிஃபோர்னியாவில் வின் பூலில் 15.43 சதவீதம் பிடித்தம். ஒன்றாம் எண் ஓட்டத்தில் இருக்கும்வரை, அந்த வேறொரு குதிரை ஜெயித்தால் 2 டாலர் டிக்கெட்டுக்கு 16.80 கிடைக்கும். ஒன்றாம் எண்ணை எடுத்துவிட்டால் 3 லட்சம் ரீஃபண்டாகப் போகிறது, பூல் 7 லட்சமாகச் சுருங்குகிறது, அதே டிக்கெட்டுக்கு 11.80தான். எல்லாக் குதிரைகளின் ஆட்ஸும், அதாவது கட்டிய பணத்துக்குக் கிடைக்கும் விகிதமும், ஒரே வீச்சில் மாறிவிடுகிறது. இது ஒரு மைதானத்துக் கணக்கும் இல்லை. பல மாநிலங்கள், பல நாடுகளின் பணம் அந்த ஒரே பூலில் கலந்திருக்கிறது. ரீஃபண்டான பணம் ஆன்லைன் கணக்குகளில் ஏறிவிடுகிறது, அதை எடுத்து வேறு குதிரை மேல் கட்டிவிடுகிறார்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் மாறிய ஆட்ஸைப் பார்த்துத்தான் கட்டுகிறார்கள்.

அடுத்தடுத்த நான்கு, ஐந்து, ஆறு ரேஸ்களில் ஜெயிக்கும் குதிரைகளை ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டிய பிக் 4, பிக் 5, பிக் 6 டிக்கெட்டுகளின் நிலைமை இன்னும் மோசம். கடைசி ரேஸில் ஒன்றாம் எண்ணை மட்டும் நம்பி, முந்தைய ரேஸ்கள் அத்தனையிலும் சரியாகப் பிடித்து வந்தவருக்கு ரீஃபண்ட் கிடையாது. விதிப்படி அவருடைய தேர்வு, அதிகப் பணம் விழுந்த கடைசி நேர ஃபேவரைட்டுக்கு மாறிவிடும். அவர் விரும்பாத, ஒருவேளை யோசித்தே ஒதுக்கிய குதிரை அது.

ஆகவே, கையால் திறந்த கதவுதான், குதிரைக்கு ஒன்றுமில்லை என்று தெரியவந்தபோது, அதைப் பந்தயப் பணத்துக்குள் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. கலிஃபோர்னியா விதியும் இதைத்தான் சொல்கிறது. பரிசுப் பணத்துக்கு மட்டும் ஓடலாம் என்று அறிவித்தார்கள். டோட் கணக்கைப் பொறுத்தவரை அந்தக் குதிரை அங்கே இல்லை. புல்தரையில் ஒரு மைல் ஓட்டத்துக்கு ஜாக்கி வில்லியம் பியூக் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறார். அது ஒன்றரைக் குதிரை நீளத்தில் ஜெயித்தது. இரண்டாவதாக வந்த டிஸ் த பாம் மேல் கட்டியவர்களுக்கு முதலிடப் பணம் கிடைத்தது.

எங்கள் பக்கம் நடந்ததில் ஒரு படிகூடத் தவறில்லை என்று எத்தனையோ பேரிடம் வாதாடியிருக்கிறேன், இன்றும் வாதாடுவேன். திரும்பச் சேர்த்திருந்தால் ரீஃபண்டை எடுத்து வேறு குதிரை மேல் போட்டவர் ஏமாந்திருப்பார். சேர்க்காததால் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவர் ஏமாந்தார். முதல் வகையினரின் எண்ணிக்கையை யாராலும் கணக்கிட முடியாது, அதனால் விதி அவர்கள் பக்கம் நிற்கிறது. நியாயமான விதி.

ஆனாலும் கவுன்டரில் வந்து நின்றவர்கள் கேட்டது எளிய கேள்வி: “குதிரை ஓடுதே, அப்புறம் என் டிக்கெட் ஏன் ஓடக்கூடாது?” பதிலுக்கு விதியைச் சொல்லலாம். சொன்னால் அவர்கள் அடுத்து கேட்பதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. கலிஃபோர்னியாவில் பரிசுத்தொகையின் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது? பந்தயம் கட்டுகிறவர்களிடம் பிடிக்கிற அந்தப் பதினைந்து, இருபது சதவீதத்திலிருந்துதான். பிரீடர்ஸ் கப்பில் குதிரைகளைப் பதிவுசெய்ய வளர்ப்பாளர்கள் கட்டும் நாமினேஷன் கட்டணமும் சேர்கிறது என்பது உண்மை. இருந்தாலும் 10 லட்சம் டாலர் பந்தயத்தில் ஜெயித்த குதிரையின் பங்கு 5 லட்சத்து 20 ஆயிரம். உரிமையாளரின் உரிமையைக் காப்பாற்ற வழி கண்டுபிடித்தார்கள், காசு கொடுத்தவருக்கு வழி இல்லை என்றார்கள். கூட்டம் ஊளையிட்டதன் பொருள் அதுதான். குதிரை மேலும் ஜாக்கி மேலும் அது விழுந்தது கொடுமை, ஏனென்றால் அந்த மைதானத்தில் எந்தப் பிழையும் செய்யாதவர்கள் அவர்கள் இருவரும்தான்.

அப்படியானால் முழுவதுமாகவே நிறுத்தியிருக்க வேண்டுமா? ஒரு நாள் ஆம் என்று தோன்றும். ஓடாத குதிரை ஜெயிக்காது, கூச்சலும் இருக்காது. மறுநாள் இது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் யோசனையாகத் தெரியும். இங்கிலாந்திலிருந்து விமானத்தில் வந்து, தனிமைப்படுத்தலில் இருந்து, மருத்துவச் சோதனைகள் எல்லாம் தாண்டிய குதிரை. அதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் லாயத்துக்கு அனுப்பினால், ஒரு பிழையை மறைக்க இன்னொரு பிழை செய்வதாக ஆகும். இரண்டு வயதுக் குதிரைக்கு இந்தப் பந்தயம் அடுத்த வருடம் கிடையாது.

ஒளிபரப்பையும் சொல்ல வேண்டும். விலக்கு, பிறகு பரிசுக்கு மட்டும் என்று இரண்டு அறிவிப்புகள் அடுத்தடுத்து வந்தன. ஆனால் கதவு கையால் திறக்கப்பட்டது, மருத்துவர் வேறு மாதிரி நினைத்தார் என்ற ஒற்றை வாக்கியம் முடிவோடு சேர்ந்து வரவில்லை. வர்ணனையாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்டீவர்டு அறையிலிருந்து வருவதைத்தானே அவர்கள் சொல்ல முடியும்? காரணம் சொல்லாத முடிவு அரங்கில் இருப்பவருக்குச் சதியாகவே தெரியும். அதுவும் ஒரே லாயத்தின் இரண்டு குதிரைகள் சம்பந்தப்பட்டிருக்கும்போது. அந்த வாக்கியத்தை உடனே சொல்லியிருந்தால் டிக்கெட்டுக்குப் பணம் வந்திருக்காது, ஆனால் கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கும்.

மாடர்ன் கேம்ஸ் அடுத்த ஆண்டே பிரெஞ்சு 2000 கினீஸை ஜெயித்தது, உட்பைன் மைலை ஜெயித்தது, கீன்லேண்டில் பிரீடர்ஸ் கப் மைலையும் ஜெயித்தது. அந்த முறை டிக்கெட் வைத்திருந்தவர்களுக்குப் பணம் கிடைத்தது. நல்ல குதிரை என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். டெல் மார் கணக்கு அதனால் நேராகிவிடவில்லை.

என் யோசனை இதுதான். கேட்டில் நடக்கும் சம்பவத்தால் விலக்கச் சொன்னால், டோட்டுக்கு உத்தரவு போகுமுன் ஸ்டீவர்டு கேட் பொறுப்பாளரிடம் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும்: கதவை ஆள் திறந்தாரா, குதிரை திறந்ததா? அரை நிமிடம் போதும். கட்டும் நேரம் எப்படியும் நீண்டுகொண்டுதான் இருக்கிறது, பூல் எங்கும் ஓடிவிடாது. கால்நடை மருத்துவர்களுடன் வேலை பார்த்த நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “மருத்துவர் வேண்டாம்னு சொன்ன பிறகு யாரும் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாதுங்கிறதுக்குத்தான் 2019லேர்ந்து இவ்வளவு பாடுபட்டோம். இன்னைக்கு அரை நிமிஷம்னு ஆரம்பிப்பீங்க, நாளைக்கு ஒரு பெரிய டிரெய்னர் அந்த அரை நிமிஷத்துல புகுந்துடுவார்” என்றார். குதிரையின் உடம்பைப் பற்றி இல்லை, கதவைப் பற்றித்தான் கேட்கச் சொல்கிறேன் என்றேன். அவசர நேரத்தில் அந்த இரண்டையும் யார் பிரித்துப் பார்ப்பார்கள் என்று அவர் கேட்டார். அதற்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. யோசனையைக் கைவிடவும் இல்லை.